தலைமாட்டுக் கல்

வைரம் எல்லார் வீட்டிலும் தங்காது என்பார்கள். பொன் அப்படியில்லை, கொண்டுவந்து போட்ட இடத்தில் கிடக்கும். வைரத்தை மட்டும் முதலில் வீட்டுக்கு எடுத்துவந்து தலைமாட்டில் வைத்துத் தூங்கிப் பார்க்கவேண்டும். மூன்று ராத்திரியில் கெட்ட கனவு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல வைரத்துக்குக் கனவு. எங்கள் அண்ணனூரில் வைரம் வாங்குகிற யோகம் எத்தனை பேருக்கு இருந்தது என்று கேட்காதீர்கள். வாங்க வக்கில்லாதவர்களுக்கும் சாஸ்திரம் மட்டும் தலைகீழ்ப் பாடம்.

பரந்தாம நாயக்கர் வைரம் வாங்கப் போன வருஷம் பட்டணத்தில் ஆளே இல்லை. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சித்திரை மாதத்தில் பாதிப் பட்டணம் மூட்டை கட்டிவிட்டது. ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் மாட்டு வண்டி பிடித்துப் பூந்தமல்லிச் சாலையில் மேற்கே வந்தார்கள். தையல் மிஷினையும் கிளிக்கூண்டையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பக்கத்து ஜனங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, மாட்டுக் கொட்டகையைக் கழுவிவிட்டு அதற்கும் வாடகை கேட்டார்கள்.

நாயக்கருக்குக் கிணற்றுப் பாசனத்தில் மல்லிகைத் தோட்டம். மல்லிகைக்குச் சித்திரையும் வைகாசியும்தான் கொண்டாட்டம். வெயில் ஏறுமுன் மொட்டைப் பறித்து, ஈரத்துணி போட்டு மூடி, பண்ணையாள் வேம்புலி தலையில் கூடையை ஏற்றி அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு அனுப்புவார்கள். அந்த வருஷம் வேம்புலி போன கூடையோடு திரும்பி வந்தான்.

"பூக்கடையில காக்கா கூட இல்ல ஆண்டே. கோயிலே பூட்டிக் கெடக்குது. யாருக்கு விக்கறது?"

யுத்தம் நடப்பது செடிக்குத் தெரியுமா? பறிக்காமல் விட்டால் அடுத்த மொட்டு நன்றாக வராது. அதனால் தினமும் பறித்தார்கள், தினமும் கூடத்தில் கொட்டினார்கள். சாயங்காலம் அத்தனையும் ஒரே மூச்சில் மலர்ந்தது. நல்ல வாசனைதான். ஆனால் கூழிலும் அதே வாசனை, குடிக்கிற தண்ணீரிலும் அதே வாசனை என்றால் வயிற்றைப் புரட்டும். அதற்கு முன் அந்த வீட்டில் அத்தனை பூவை ஒன்றாகப் பார்த்தது, செத்துப்போன பொன்னம்மாளுக்காக ஊரெல்லாம் சேர்த்துக் கூடை கூடையாகத் திருவேற்காட்டுக்குக் கொண்டுபோன அன்றைக்குத்தான்.

பொன்னம்மாள் நாயக்கரின் மூத்த பெண். நாயக்கரின் கூடப்பிறந்த அக்கா ராஜம்மாவின் மகன் கங்காதரனுக்கு அவளைக் கொடுத்திருந்தார்கள். போன ஐப்பசி மழையில், திருவேற்காட்டு வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இழுக்கப் போனவள் உள்ளே விழுந்து செத்துப்போனாள். பாசி வழுக்கிவிட்டது என்றார்கள். அந்த வருஷம் நல்ல மழை, எல்லாக் கிணற்றடியிலும் பாசி இருந்தது. விழுகிறவள் ஒரு சத்தமாவது போடமாட்டாளா என்று துக்கத்துக்கு வந்த ஒருத்தி கேட்டாளாம். அவள் வாயில் வெற்றிலையைத் திணித்து அடக்கிவிட்டார்கள்.

பங்குனியில் ராஜம்மா வண்டி கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தாள். வந்ததும் அழுதாள். அழுது முடித்து, மோர் குடித்து, பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"எம் புள்ள ஊடு வெளக்கு இல்லாம கெடக்குது பரந்தாமா. சின்னவ வசந்தாவ குடுத்துடு. ஒறவு உட்டுப் போவக் கூடாது."

நாயக்கர் தலையைச் சொறிந்தார். அவர் மனைவி தாட்சாயிணி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ராஜம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"இன்னாடி முழிக்கற? குடுக்க மாட்டேன்னு சொல்லு, போயிடறேன். ஏன் குடுக்கலன்னு ஊர்ல கேப்பாங்க. அந்தக் கெணத்துல இன்னா நடந்துச்சின்னு கேப்பாங்க. அப்ப நீ பதில் சொல்லு."

பதில் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. பெண்ணைக் கொடுக்க மறுத்தால் அது அக்கா வீட்டின்மேல் கொலைப்பழி சுமத்துகிற மாதிரி. கொடுத்தாலோ வசந்தா அதே கிணற்றில் தண்ணீர் இழுக்கவேண்டும். நாயக்கர் வைகாசியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். ராஜம்மா எழுந்து புடவையை உதறிக்கொண்டு கடைசியாக ஒன்று சொன்னாள்.

"மொத தபா மாப்ளைக்கு வெறும் பொன்னு மோதிரம் போட்டீங்க, நெலைக்கல. இந்தத் தபா வைரம் வெச்சிப் போடு. நாலு பேரு கண்ணுக்குத் தெரியணும். ஆவடி நெலத்தப் பட்டாளத்துக்காரன் எடுத்துகினு பணம் குடுத்துட்டான்னு எனக்குத் தெரியும்."

பட்டணத்துக் கல் தரகர் சம்பத் செட்டியார் அப்போது திருவேற்காட்டில் ஒரு சத்திரத்து அறையில் குடும்பத்தோடு ஒண்டியிருந்தார். நாயக்கர் அவரைத் தேடிப் போனார். செட்டியார் மடிப்பெட்டியைத் திறந்து, உள்ளே நீலத்தாள் வைத்த இரண்டு பொட்டலங்களைப் பிரித்தார். ஒன்றில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கல். இன்னொன்றில் கொண்டைக்கடலை அளவுக்கு.

"ரெண்டும் ஏறக்குறைய ஒரே விலைதான் நாயக்கரே. சின்னதுல தோஷம் கிடையாது. பெரிசுல ஓரமா ஒரு கரும்புள்ளி இருக்கு. நானே சொல்லிடறேன், நாளைக்கு நீங்க வந்து என்னைக் கேக்கக்கூடாது பாருங்க."

நாயக்கர் வெயிலில் பிடித்துப் பார்த்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. செட்டியார் கண்ணாடி கொடுத்த பிறகு தெரிந்தது, எறும்புத் தலை போல ஒரு கறுப்பு.

"இத தட்டான் மறைக்க மாட்டானா?"

"பேஷா மறைப்பான். புள்ளிமேல கொக்கியை வச்சுக் கட்டிட்டா பிரம்மா வந்தாலும் தெரியாது. ஆனா தெரியாதுங்கறது வேற, இல்லைங்கறது வேற. எடுத்துட்டுப்போய்த் தலைமாட்டில வச்சுப் பாருங்க. எனக்கும் இப்ப ஊரே பயந்து கிடக்கு, வந்த விலைக்கு விக்கவேண்டியதுதான். அதுக்காக ஒரு பொண்ணோட பாவம் எனக்கு வேண்டாம்."

நாயக்கருக்குப் பெரிய கல்லின்மேல் ஆசை விழுந்துவிட்டது. அக்காவின் வாயை அடைக்க அந்த அளவு வேண்டும் என்று நினைத்தார். தோட்டத்தில் வேலை செய்கிறவனுக்கு ஓரத்தில் பூச்சி அரித்த கத்தரிக்காய் ஒன்றும் பெரிய விஷயமில்லை. அரிந்துவிட்டுச் சமைக்கிறோம் இல்லையா?

வீட்டில் தாட்சாயிணி பொட்டலத்தைக் கையால் வாங்கவில்லை.

"பிரிக்காத. அத அப்பிடியே வசந்தா தலைமாட்டுல வெய்யி."

"போட்டுக்கறவன் கங்காதரன். இவ தலைமாட்டுல எதுக்கு?"

"அந்தக் கையால தான தாலி கட்டப் போறான். இவ கழுத்துக்கு ஒத்துக்கணுமா வாணாமா?"

நாயக்கர் பொட்டலத்தோடு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்து பொட்டலத்தை மகள் தலையணைக்கடியில் வைத்தார். அன்றைக்கு வேர்க்கடலைத் துவையலும் கூழும். வசந்தா பறித்த பூவில் ஒரு கை எடுத்துத் தொடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு படுத்தாள். அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது. அத்தை மகனைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நீங்க சொன்னா சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

மறுநாள் விடியற்காலையில் தாயும் மகளும் பூப் பறித்துக்கொண்டிருந்தார்கள். பனி இல்லாத மாதம். செடியடியில் மண் அப்போதே சுட ஆரம்பித்திருந்தது.

"கனா கினா வந்துச்சா?" என்றாள் தாட்சாயிணி.

"அக்கா வந்துச்சிம்மா."

தாட்சாயிணியின் கை மொட்டின்மேலேயே நின்றது.

"இன்னா பண்ணா?"

"ஒண்ணும் பண்ணல. கூடத்துல குந்திகினு மொறத்துல அரிசி வெச்சிகினு கல்லு பொறுக்கிச்சி. நான் கூப்டேன், தல தூக்கல."

"செத்தவங்க கனவுல வர்றது சகஜம்," என்று தாட்சாயிணி சொன்னாள். தனக்கே சொல்லிக்கொண்டாள் என்றுதான் சொல்லவேண்டும்.

அன்றைக்கு முழுக்க அனல் காற்று. ஐயப்பாக்கம் ஏரி வறண்டு வெடித்த மண்ணிலிருந்து புழுதி வந்து பூக்குவியலின்மேல் படிந்தது. வேம்புலி பழுத்துப்போன பூவை வாரி எருக்குழியில் கொட்டிவிட்டு வந்தான். எருக்குழியும் மணத்தது. அண்டையில் வாடகைக்கு இருந்த பட்டணத்து அம்மாள் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொர்க்கம் சொர்க்கம் என்றாள்.

இரண்டாம் நாள் காலையில் தாட்சாயிணி கேட்கவில்லை. வசந்தாவே சொன்னாள்.

"இன்னிக்கும் வந்துச்சிம்மா. கால நீட்டிகினு குந்தி இருந்துச்சி. குதிகால்ல மஞ்சா வெச்சி இருந்துச்சி. எதுக்குமா அக்கா குதிகால்ல மஞ்சா?"

தாட்சாயிணி கூடையைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள்.

அது வசந்தாவுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. பொன்னம்மாள் சாவதற்குச் சில நாள் முன்னால், திருவேற்காட்டிலிருந்து தனியாக நடந்தே தாய்வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் கருவேலங்காடு. குதிகாலில் முள் ஏறி உள்ளேயே ஒடிந்திருந்தது. தாட்சாயிணி ஊசியால் முள்ளை எடுத்து, மஞ்சளைச் சுடவைத்து அப்பினாள். எதுக்குடி வந்தே என்று கேட்டதற்கு, சும்மாதான் வந்தேன் என்றாள். காலை நீட்டி உட்கார்ந்து முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள். பொழுது சாயும்வரை தலையைத் தூக்கவில்லை. புருஷன் வீடு என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள் என்று தாட்சாயிணி சொன்னாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்தால் அக்கா என்னைத்தான் பேசுவாள் என்று நாயக்கர் வண்டியைப் பூட்டி, அன்றைக்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வசந்தா அப்போது பூந்தமல்லியில் சித்தி வீட்டில் இருந்தாள். பெண் ஓடிவந்தது வெளியே தெரிந்தால் கேவலம் என்று புருஷனும் பெண்டாட்டியும் அதை யாரிடமும் சொல்லவில்லை. தங்களுக்குள்ளேயும் பிறகு பேசிக்கொண்டதில்லை.

அன்று மத்தியானம் நாயக்கர் சாப்பிட உட்கார்ந்தபோது தாட்சாயிணி வெங்காயத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"மஞ்சா அப்பின கால அவ பாத்து கீறா."

நாயக்கரின் கூழ்க் கலயம் வாயருகில் நின்றது. பிறகு குடித்தார்.

"நீ தான் ஒளறி இருப்ப."

"நான் சொல்லல. நீ சொன்னியா?"

அவர் சொல்லவில்லை. அவர் கை வேட்டி மடிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு மீண்டும் கலயத்துக்கு வந்தது. ஒன்று சொல்லவேண்டும், அந்த நாட்களில் நாயக்கருக்கு நல்ல தூக்கம். அவர் குறட்டை தெருக்கோடி வரை கேட்டது என்று பட்டணத்து அம்மாளே குறைப்பட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் வசந்தா சொன்னது இது: "அரிசியே இல்லம்மா. மொறம் காலியா கீது. அப்பவும் பொறுக்கிகினே கீது. பயமா இல்ல. ஒரு வார்த்த பேசினா நல்லா இருக்கும்னு தோணுச்சி."

தாட்சாயிணி அழவில்லை. அவளுக்கு ஒரு விதத்தில் நிம்மதியாகவே இருந்தது, அதுதான் வேடிக்கை. காரணம் கையில் கிடைத்துவிட்டது. கல்லில் புள்ளி இருக்கிறது, புள்ளி இருப்பதால் கனவு வருகிறது. புள்ளி இல்லாத கல்லை வாங்கினால் கனவு வராது, நிச்சயமும் நல்லபடியாக நடக்கும், யாரும் யாரையும் ஒன்றும் கேட்க வேண்டாம். இத்தனை நாள் மனசில் கிடந்த பாரத்தை ஒரு கடலையளவு கல்லின்மேல் இறக்கி வைத்துவிட்டாள்.

"வண்டியப் பூட்டு. நானும் வரேன். அந்தப் பீடையக் குடுத்துட்டு சின்னதயே வாங்கிகினு வரலாம். அக்கா பேசினா நான் சொல்லிக்கறேன்."

நாயக்கர் ஏதோ சொல்ல வந்தார். பிறகு நுகத்தடியை எடுக்கப் போனார். தாட்சாயிணி தலையணைக்கடியிலிருந்த பொட்டலத்தைப் புடவை முந்தானையால் பிடித்து எடுத்து, முடிந்துகொண்டு வண்டியில் ஏறினாள்.

கூவத்தில் தண்ணீர் இல்லை. வண்டி மணலில் இறங்கி ஏறியது. சக்கரம் புதைந்தபோது நாயக்கர் குதித்து ஆரக்காலைப் பிடித்துத் தள்ளினார். கரையேறியபோது நாயக்கர் திரும்பாமல் கேட்டார்.

"குடுத்தே தீரணுமா?"

"பின்ன? உனுக்கு அந்தக் கல்லுமேல அவ்ளோ ஆசையா?"

அவர் மாட்டை அதட்டினார்.

சத்திரத்தில் செட்டியார் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாட்சாயிணி முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பொட்டலத்தை அவர் எதிரில் தரையில் வைத்தாள்.

"இது எங்களுக்கு ஒத்துக்கல செட்டியாரே. செத்துப்போன பொண்ணு வந்து வந்து குந்தறா. சின்னத குடுங்க."

"நான்தான் சொன்னேனே அம்மா, தோஷம் தோஷம்தான்," என்று செட்டியார் பொட்டலத்தைப் பிரித்தார். பிரித்தவர் முகம் வெளுத்துவிட்டது. நீலத்தாளில் வெள்ளையாக, மங்கலாக ஒரு துண்டு கிடந்தது. அவர் நாக்கில் தொட்டுப் பார்த்தார்.

"படிகாரம்," என்றார். "நாயக்கரே, இது படிகாரம். என் கல் எங்கே?"

கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்க எல்லார் வீட்டுப் பானையடியிலும் கிடக்குமே, அதே படிகாரம். தாட்சாயிணிக்கு முதலில் தோன்றியது பொன்னம்மாள் மாற்றிவிட்டாள் என்று. அப்படித் தோன்றியதற்குத் தாட்சாயிணியைக் குற்றம் சொல்ல முடியாது, மூன்று நாளாக அவள் அப்படி ஒரு மனநிலையில் இருந்தாள்.

நாயக்கர் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்த துணியை அவிழ்த்தார். வியர்வையில் ஈரமாயிருந்த துணிக்குள் கல் இருந்தது.

"பயமா இருந்துச்சி செட்டியாரே. ஊடு முழுக்க எலி, இஸ்துகினு போயிடும். பட்டணத்து ஜனம் வேற சுத்திகினு கீது. பொம்பளைங்க கிட்ட சொன்னா கேக்க மாட்டாங்க, தலைமாட்டுல தான் வெக்கணும்பாங்க. அத்தொட்டு இத மடிச்சி அங்க வெச்சிட்டு, கல்ல நானே கட்டிகினேன்."

"முதல் ராத்திரியிலிருந்தா?"

"மொத ராத்திரியில இருந்து தான்."

செட்டியார் கல்லை வாங்கித் துடைத்து, கண்ணாடி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கல்தான் என்று தெரிந்ததும் அவருக்கு மூச்சு வந்தது. வியாபாரி இல்லையா, சந்தோஷமாகவே சொன்னார்.

"அப்படின்னா கல்லுமேல தப்பே இல்லை. அந்தக் குழந்தை தலைமாட்டில கல்லே இல்லையே. நாயக்கரே, உம்ம இடுப்பில இருந்ததே, உமக்கு ஏதாவது கனா வந்ததா?"

"எனக்கு ஒண்ணும் வரல. நல்லா தூங்கினேன்."

"பார்த்தீங்களா அம்மா? கல் உங்களுக்கு ஒத்துப்போயிருக்கு. தாராளமா வாங்கலாம்."

தாட்சாயிணி தரையில் கிடந்த படிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"நீ எப்பவும் நல்லா தான் தூங்கின. அவள வண்டில ஏத்தி உட்டுட்டு வந்த அன்னிக்கும் நல்லா தான் தூங்கின. நானும் தான் தூங்கினேன்."

செட்டியாருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத இடத்தில் பேசாமலிருக்கத் தெரிந்த மனிதர், பெட்டியை மூடினார். தாட்சாயிணி படிகாரத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

வண்டி மாடுகளுக்கு ராஜம்மா வீட்டு வழி நன்றாகத் தெரியும். அதட்டாமலே அந்தத் தெருவில் திரும்பின. வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, புங்கமர நிழலில் நாயக்கர் வண்டியை நிறுத்தினார். வீட்டுப் பக்கவாட்டில் கிணற்றுத் துலாக்கட்டை தெரிந்தது. கிணற்றுச் சுவருக்கு யாரோ புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

"அவ கல்லால வரல," என்றாள் தாட்சாயிணி. "அவளா வந்தா. வசந்தாவ இந்த ஊட்டுக்குக் குடுக்கறது இல்ல. நீ போயி சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

நாயக்கர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சொந்த அக்கா. சின்ன வயதில் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். ஒரு முழுப் பாட்டம் வேர்வை வழிந்து முடிந்த பிறகு அவர் இறங்கி நடந்தார். தாட்சாயிணி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் ராஜம்மாவின் குரல் தெருவுக்கு வந்தது. குடி கெட்டவனே என்றாள், பொண்ண வெச்சிகினு நாறு என்றாள், இன்னும் என்னென்னவோ சொன்னாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நாயக்கர் வெளியே வந்தார். கங்காதரன் வாசல்வரை வந்து நின்றான். அவன் விரலில் பழைய பொன் மோதிரம் இருந்தது.

வண்டி கூவத்து மணலுக்கு வந்த பிறகு தாட்சாயிணி கேட்டாள்.

"இன்னான்னு சொன்ன?"

"கல்லு ஒத்துக்கலன்னு சொன்னேன். கல்லே ஒத்துக்கலன்னா நிச்சயம் வாணாம்னு ஜோசியர் சொல்லிட்டாருன்னு சொன்னேன்."

"அவள ஏன் கொன்னீங்கன்னு கேக்கலியா?"

"கேக்கல."

ஒரு குற்றமும் செய்யாத கல்லின்மேல் பழியைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார் மனிதர். ஆனாலும் வசந்தா இனி அந்தக் கிணற்றடிக்குப் போகவேண்டியதில்லை. கோழைக்குக் கோழை வழியில்தான் நல்லது செய்யத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அவள் படிகாரத்தைத் தண்ணீர்ப் பானையில் போட்டாள். கோடைக் கிணற்றுத் தண்ணீர் சேறாகத்தான் இருந்தது.

வசந்தா கூடத்தில் பூவைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கல்லுமா வாங்கினீங்க?"

"ஒண்ணும் வாங்கல. நிச்சயமும் இல்ல. நீ எங்கயும் போவல."

வசந்தா தாயின் முகத்தைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து பூவைத் தொடர்ந்து கிளறினாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் அழுவது தெரிந்தது. பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள், வெளியே சொல்லவில்லை.

மறுநாள் விடியுமுன் தாட்சாயிணி பூக்கூடையை எடுத்துக்கொண்டு மகளை எழுப்பினாள்.

"அக்கா வந்தாளா?"

"வரலம்மா. கனாவே வரல."

அவளுக்கு மனசு குளிர்ந்தது. புருஷனிடம் சொல்லலாம் என்று திரும்பினாள். நாயக்கர் படுக்கவே இல்லை. பாயைச் சுருட்டியபடியே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன. அவர் பார்வை கூடத்தின் நடுவில், பூக்குவியலுக்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில் இருந்தது.

தாட்சாயிணி அவர் பக்கத்தில் குந்தினாள்.

"உங்கிட்ட வந்தாளா?"

அவர் தலையை ஆட்டினார்.

"ரா முழுக்க அங்கயே குந்திகினு இருந்தா. எதுக்கும்மா வந்தேன்னு கேட்டேன். சும்மா தான் நைனான்னா. வேற ஒண்ணும் கேக்கல."

"அன்னிக்கும் அவ ஒண்ணும் கேக்கல," என்றாள் தாட்சாயிணி. கொஞ்ச நேரம் அவர் பக்கத்திலேயே இருந்தாள். பிறகு வெளியே வெளுக்க ஆரம்பித்ததும், வெயில் ஏறுமுன் மொட்டைப் பறிக்கவேண்டும் என்று எழுந்து போனாள்.